ஆட்டத்தில் ஒரு முகம்: பாத்திர உருவாக்கத்தின் வரலாறும் அதன் மனக்குறைகளும்

2012 மார்ச் 6 அன்று 'மாஸ் எஃபெக்ட்' என்னும் விண்வெளிக் கதையாட்டத்தின் மூன்றாம் பாகம் வட அமெரிக்காவில் வெளியானது. கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய இவ்வரிசைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. 2007இல் வந்த முதல் பாகத்தில் ஆட்டக்காரர் யாரைக் காத்தார், யாரைக் கைவிட்டார் என்பதெல்லாம் சேமிப்புக் கோப்பின் வழியே 2010இல் வந்த இரண்டாம் பாகத்திற்கும், அங்கிருந்து மூன்றாம் பாகத்திற்கும் தொடரும். கமாண்டர் ஷெப்பர்ட் என்னும் தலைமைப் பாத்திரத்தின் முகமும் அவ்வாறே தொடரும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தனர். ஆனால் முதல் பாகத்தில் செய்யப்பட்டு, இரண்டாம் பாகத்திற்கு அப்படியே கொண்டுவரப்பட்ட முகங்களை மூன்றாம் பாகத்தால் படிக்க முடியவில்லை. முடிவுகள் வந்து சேர்ந்தன, நட்பும் பகையும் வந்து சேர்ந்தன, முகம் மட்டும் வரவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஒருவரோடு வாழ்ந்தவர்கள், கதையின் இறுதிப் பகுதிக்கு வேறொருவரை அழைத்துச் செல்ல வேண்டிய நிலை. ஏப்ரலில் திருத்தக் கோப்பு வரும்வரை ஆட்டத்தைத் தொடாமலே காத்திருந்தவர்கள் உண்டு.

வெளியே நிற்பவருக்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றக்கூடும். பாத்திரத்தின் மூக்கு எப்படி இருந்தால் என்ன, கதைதானே முக்கியம் என்று கேட்கலாம். அப்படிக் கேட்பவர், ஒரு நாவலைத் திரைப்படமாக்கும்போது நாயகி வேடத்திற்கு யார் என்று நாம் எவ்வளவு சண்டையிடுகிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கட்டும். இந்த ஆட்டங்களில் அந்த நாயகி நாமே. ஆகவே இம்மனக்குறைக்கு ஒரு வரலாறு உண்டு. அது கணினிக்கும் முன்னரே தொடங்குகிறது.

'ரோல் பிளேயிங் கேம்' எனப்படும் பாத்திரமேற்கும் ஆட்டத்தின் தாய்வடிவம் 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, பகடை உருட்டி, வாயால் கதை சொல்லி ஆடுவது. பாத்திரத்திற்கு வலிமை, அறிவு, ஞானம், உடலுறுதி, கைத்திறன், ஈர்ப்பு என ஆறு பண்புகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். தோற்றம் இந்தப் பட்டியலில் இல்லை. கன்னத்துத் தழும்பு, நரைத்த புருவம், கொஞ்சம் கோணிய மூக்கு என்று ஆட்டக்காரர் எதைச் சொன்னாலும் அது இருந்தது. மேசையில் நின்ற விரலளவு ஈயப்பொம்மை அச்சொற்களோடு பொருந்தாவிட்டாலும் யாரும் கவலைப்பட்டதில்லை, அது நிற்கும் இடத்தைக் காட்டுவதற்கு மட்டுமே. பொருநராற்றுப்படையில் பாடினியின் தோற்றம் கூந்தல் முதல் அடிவரை வரிசையாகச் சொல்லப்படுகிறது. அவ்வளவு விரிவாகச் சொன்ன பின்னும் வகுப்பில் அதைக் கேட்கும் நாற்பது மாணவர்களும் நாற்பது பாடினிகளைத்தான் காண்கிறார்கள். சொல்லால் ஆன முகத்துக்கு இந்த வசதி உண்டு.

அந்த வசதியிலும் ஆட்ட விதி கைவைக்கத் தவறவில்லை. 1985இல் வந்த 'அன்எர்த்டு ஆர்க்கானா' என்னும் கூடுதல் விதிநூல், அழகு என்பதை ஏழாவது பண்பாகச் சேர்த்தது. இனி அழகும் பகடையில் விழும். பேரழகி என்று மனத்துள் எண்ணியிருந்தவர், மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை ஐந்து என்றால் ஐந்துதான். அந்த விதியை ஆட்டக்காரர்கள் பெரிதாக வரவேற்கவில்லை, பின்வந்த பதிப்புகளின் அடிப்படை விதிகளில் அது நிலைக்கவும் இல்லை. முகத்தைத் தம்மிடமிருந்து எடுத்து விதியிடம் கொடுப்பதை அவர்கள் விரும்பவில்லை என்றே நாம் இதைப் படிக்கிறோம்.

கணினிக்கு வந்தபோது முதலில் முகமே இல்லை. 1980இல் பரவிய 'ரோக்' என்னும் ஆட்டத்தில் வீரன் திரையில் ஒரு '@' குறி. நிலவறையின் சுவர்கள் கோடுகள், அரக்கர்கள் ஆங்கில எழுத்துகள். அதைப் பார்த்து, தன் வீரனுக்குத் தலைமுடி சரியில்லை என்று எவரும் குறைப்பட்டிருக்க வழியில்லை. 1988இல் எஸ்.எஸ்.ஐ. நிறுவனம் வெளியிட்ட 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' ஆட்டத்தில் தலை ஒன்று, உடல் ஒன்று எனத் தனித்தனியே பொறுக்கி ஒட்டலாம். போர்க்களத்தில் நிற்கும் சிறு உருவத்தின் ஆயுதத்தையும் நிறங்களையும் மாற்றலாம். பாத்திரத்தின் தோற்றத்தைத் துண்டுகளாக்கி ஆட்டக்காரரிடம் கொடுத்த தொடக்கக்கால முயற்சிகளுள் இது முக்கியமானது. நிறங்கள் பதினாறுதான். ஆனால் தன் ஆறு வீரர்களையும் ஒருவரிலிருந்து ஒருவர் வேறுபடுத்திக் காட்ட அது போதும்.

நம்மைக் கேட்டால், இச்சிக்கலுக்கு இதுவரை காணப்பட்ட ஆகச் சிறந்த தீர்வு 1998இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' ஆட்டத்தில் இருந்தது என்போம். அதைச் செய்ததும் பயோவேர்தான். பாத்திரத்துக்கு ஓவியர்கள் வரைந்த முகப்படங்களுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பிடிக்கவில்லையா, கணினியில் 'போர்ட்ரெய்ட்ஸ்' என்று ஓர் உறையை உருவாக்கி, குறிப்பிட்ட அளவுகளில் எந்தப் படத்தைப் போட்டாலும் ஆட்டம் அதை ஏற்றுக்கொள்ளும். ஓவியமா, ஒளிப்படமா, யாருடைய முகம், எந்த நாட்டு முகம் என்று அது கேட்பதில்லை. பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்த அந்நாளில் நாமும் அப்படியொரு படத்தைத் தேடி எடுத்து ஒட்டி ஆடியதுண்டு. அந்தப் படம் பேசாது, சிரிக்காது, திரையின் ஓரத்தில் அஞ்சல்தலை போல ஒட்டியிருக்கும். எனினும் அது நாம் கொண்டுவந்த முகம். அதைக் கொடுத்தது நிறுவனம் அன்று.

முப்பரிமாணம் வந்ததும் இந்த வழி அடைபட்டது. படத்தை ஒட்டினால் போதாது. முகம் திரும்ப வேண்டும், வாய் அசைய வேண்டும், நிழல் விழ வேண்டும். பெதஸ்டா நிறுவனத்தின் 'மாரோவிண்ட்' 2002இல் செய்து வைத்த தலைகளையும் முடிகளையும் வரிசையாகக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த அதன் அடுத்த பாகமான 'ஒப்ளிவியன்' வேறொரு வாக்குறுதியோடு வந்தது. நெற்றி, புருவ மேடு, கன்ன எலும்பு, தாடை, மூக்குப்பாலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லைடர். சுட்டியால் இடமும் வலமும் இழுத்தால் முகம் கண்முன்னே மாறும். எந்த முகத்தையும் செய்யலாம் என்பது அந்தத் திரையின் சொல்லாத உறுதிமொழி. விளைவு என்னவென்று அந்த ஆட்டத்தை ஆடியவர்கள் அறிவர். உருளைக்கிழங்கு போன்ற தலைகளும் வீங்கிய கன்னங்களும் நிரம்பிய அந்த உலகம் இருபது ஆண்டுகளாகக் கேலிக்கு இலக்காகி வருகிறது. மூக்கைச் சற்றுக் குறைக்கலாம் என்று ஒரு ஸ்லைடரைத் தொட்டால், தொடாத தாடையும் நகர்ந்துவிடும். தாடையைச் சரிசெய்தால் கண் இடம் மாறும். ஒரு மணி நேரம் போராடித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தவர்கள் பலர்.

இது ஆட்டக்காரரின் கைத்திறக் குறைவால் நேர்ந்ததன்று. அந்தக் கருவி இயங்கும் முறையே அப்படி. ஒப்ளிவியன் பயன்படுத்தியது 'ஃபேஸ்ஜென்' என்னும் மென்பொருள். அத்தகைய கருவிகளின் அடிப்படைக் கருத்தை 1999இல் ஃபோல்கர் பிளான்ஸ், தாமஸ் ஃபெட்டர் என்னும் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கினர். மெய்யான மனிதர்கள் பலரின் தலைகளை லேசர் கொண்டு அளந்து, அவற்றின் சராசரியாக ஒரு முகத்தைக் கணக்கிட வேண்டும். பிறகு மெய்முகங்கள் அந்தச் சராசரியிலிருந்து எந்தெந்தத் திசைகளில் விலகுகின்றன என்று காண வேண்டும். புதிய முகம் என்பது சராசரியோடு இந்த விலகல்களை வெவ்வேறு அளவில் கலந்த கலவையே. அளக்கப்பட்டவர்களிடம் அகன்ற மூக்கும் அகன்ற தாடையும் சேர்ந்தே காணப்பட்டால், மூக்கை அகலமாக்கும்போது தாடையும் கூடவே அகலும். ஸ்லைடர்கள் ஒன்றையொன்று இழுப்பதன் காரணம் இதுதான். நாம் மூக்கைச் செதுக்குவதாக நினைக்கிறோம். உண்மையில் ஒரு கூட்டத்திற்குள் இங்கிருந்து அங்கே நடந்துகொண்டிருக்கிறோம்.

அந்தக் கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. பிளான்ஸும் ஃபெட்டரும் அளந்தவை 200 தலைகள்: இளம் ஆண்கள் 100, இளம் பெண்கள் 100. அந்தத் தொகுப்பு ஐரோப்பிய வம்சாவளி முகங்களுக்கே போதுமானது, முதியோரையும் குழந்தைகளையும் பிற இனத்தவரையும் இனிமேல்தான் சேர்க்க வேண்டும் என்பதைக் கட்டுரையாசிரியர்கள் தாமே ஒப்புக்கொண்டார்கள். ஆய்வாளருக்குரிய நேர்மை அது. விற்பனைக்கு வரும் கருவிகளின் அட்டையில் இத்தகைய எச்சரிக்கைகள் அச்சாவதில்லை. பின்வந்த கருவிகள் வேறு தொகுப்புகளைக் கொண்டவை. அவற்றில் பல இன முகங்கள் சேர்ந்தன என்பதும் உண்மை. ஆயினும் எல்லை எல்லைதான். அளக்கப்படாத முகத்தை நோக்கி ஸ்லைடரை எவ்வளவு இழுத்தாலும், கிடைப்பது அளக்கப்பட்ட முகத்தின் கோணல் வடிவமே.

ஸ்லைடரால் எட்ட முடியாத முகம் இன்னொன்றும் உண்டு, அது நிறுவனத்தின் சொந்த முகம். மாஸ் எஃபெக்டின் ஆண் ஷெப்பர்டுக்கு இயல்பாக அமைந்த முகம், மார்க் வாண்டர்லூ என்னும் டச்சு விளம்பர நடிகரைப் படியெடுத்தது. பெட்டியின் அட்டையிலும் விளம்பரங்களிலும் அவரே இருந்தார். பாத்திர உருவாக்கத் திரையில் அந்த முகத்தைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம் என்று போனால் அது மறைந்துவிடும். தனியே வேறொரு வார்ப்பிலிருந்து தொடங்க வேண்டும். இயல்பு முகத்தின் நுணுக்கம் அந்த வார்ப்பில் வராது. தோல் மெழுகு போலிருக்கும், கண் எங்கோ நிலைத்திருக்கும். தனக்கென்று முகம் வேண்டியவர் அதற்கு விலையாக ஒரு படி தாழ்ந்த முகத்தை ஏற்க வேண்டியிருந்தது.

பெண் ஷெப்பர்டின் கதை இன்னும் சுவையானது. இரண்டு பாகங்கள் வரை அவருக்கு விளம்பரத்தில் இடமே இல்லை. ஆட்டக்காரர்களில் 18 விழுக்காட்டினரே பெண் ஷெப்பர்டைத் தேர்ந்ததாக நிறுவனத்தார் 2011இல் கூறினர். அட்டையில் ஒருவரை மட்டும் அச்சிட்டுவிட்டு மற்றவரை ஏன் குறைவாகத் தேர்கிறார்கள் என்று வியப்பதில் பொருள் இல்லை என்பது நம் கருத்து. அந்த ஆண்டே மூன்றாம் பாகத்திற்காக ஆறு பெண் முகங்களை வரைந்து ஃபேஸ்புக்கில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். பொன்னிற முடிகொண்ட முகம் முந்தியது. விண்வெளித் தளபதியை அழகிப் போட்டியில் நிறுத்துவதா என்று சினம் எழுந்தது. பிறகு முடிநிறத்துக்கு மட்டும் தனியே ஒரு வாக்கெடுப்பு. செம்பட்டை முடி வென்றது. 2021இல் மூன்று பாகங்களையும் புதுப்பித்துத் தொகுத்தபோது அந்த முகமே மூன்றிலும் இயல்பு முகமாயிற்று. முகம் செய்யும் உரிமையைக் கூட்டத்தின் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

தனியொருவர் கையில் கொடுத்தால் மட்டும் விதவிதமான முகங்கள் மலர்ந்துவிடுமா என்றால், அதுவும் ஐயமே. பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 'பால்டர்ஸ் கேட் 3' ஆட்டத்தின் முன்வெளியீட்டை 2020 அக்டோபரில் கொடுத்தது. கொம்பு, வால், அரக்கக் கண் என எல்லாம் வைத்திருந்தார்கள். சில நாள்களுக்குப் பின் பெரும்பான்மையோர் தேர்ந்த கூறுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வந்தது, எங்கும் காணக்கூடிய சாதாரண மனித முகம். நிறுவனத்தாரே தங்கள் ஏமாற்றத்தை நகைச்சுவையாக எழுதி வெளியிட்டார்கள். நமக்கு அதில் ஏமாற்றம் இல்லை. எவரும் தேராவிட்டாலும், பல கூறுகளின் பெரும்பான்மைகளைக் கூட்டினால் சாதாரண முகம்தான் வரும். தவிரவும், வாலும் கொம்பும் வேண்டாம், என்னைப் போல ஒருவர் போதும் என்று நினைப்பது கற்பனைப் பஞ்சம் ஆகிவிடாது.

இனி, திரைக்கு உள்ளும் வெளியும் ஒளி மாறும் கொடுமை. 2014இல் வந்த 'டிராகன் ஏஜ்: இன்குவிசிஷன்' ஆட்டத்தில் பாத்திர உருவாக்கம் நடக்குமிடத்தில் பச்சை ஒளி பரவியிருக்கும், கதைக்கு அது பொருத்தம்தான். அந்த ஒளியில் இரண்டு மணி நேரம் செதுக்கிய முகத்தோடு பனிமலைப் பகலொளிக்குள் வந்தால், தோல் வெளிறி, உதட்டுச் சாயம் பளீரென்று, வேறு யாரோ நிற்கிறார். மீண்டும் முதலிலிருந்து. புடவைக் கடையின் குழல்விளக்கில் பார்த்த நிறம் வீட்டுக்கு வந்ததும் மாறிப்போன அனுபவம் நம் வாசகர்களில் பலருக்கு இருக்கும். கடைக்காரர் கெஞ்சினால் மாற்றித் தருவார். இங்கே மாற்றிக்கொள்ளும் கண்ணாடி 2015 மே மாதத்தில்தான் ஓர் இலவச இணைப்பாக வந்தது.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த முகத்தைப் பார்க்கவாவது முடிகிறதா? பெரும்பாலான ஆட்டங்களில் கேமரா பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. மேலும் முதல் அரை மணி நேரத்தில் கிடைக்கும் பரிசு பெரும்பாலும் ஒரு தலைக்கவசம். அதை அணிந்தால் முகம் மறையும், அணியாவிட்டால் உயிர் போகும். தலைக்கவசத்தை அணிந்தபடியே கண்ணுக்கு மறைத்துக்கொள்ளும் வசதியைப் பல ஆட்டங்கள் காலம் தாழ்த்தித்தான் கொடுத்தன. ஆக, நூறு மணி நேரம் ஆடும் ஒருவர் உண்மையில் பார்த்துக்கொண்டிருப்பது மூக்கையோ கண்ணையோ அன்று, பின்தலை முடியை. மனக்குறைகளில் முடிக்கே முதலிடம் கிடைப்பதில் வியப்பில்லை.

முடி செய்வது கடினம். நீண்ட கூந்தல் தோள்கவசத்தை ஊடுருவிச் சென்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தவிர்க்கக் கலைஞர்கள் முடியைக் குட்டையாக வெட்டிவிடுகிறார்கள். இன்குவிசிஷனில் மொட்டைத் தலைகளும் ஒட்ட வெட்டிய தலைகளும் மிகுந்திருந்ததாக எழுந்த குறை பரவலானது. சுருள் முடிக்கு நிலைமை இன்னும் மோசம். யேல் பல்கலைக்கழகக் கணினியியல் பேராசிரியர் தியோடர் கிம் 2020இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் இதைப் பற்றிக் கடுமையாக எழுதினார். கணினி வரைகலையில் மனிதத் தோல் என்ற பெயரில் பல பத்தாண்டுகளாக ஆராயப்பட்டது ஒளி ஊடுருவிக் கசியும் வெளிர்தோலே என்பதும், மனித முடி என்ற பெயரில் ஆராயப்பட்டது நேராகத் தொங்கும் முடியே என்பதும் அவர் வாதம். கருந்தோலில் கண்ணைக் கவர்வது மேற்பரப்பின் பளபளப்பு. அதற்கு யாரும் அதே அக்கறை காட்டவில்லை. கிம் குறை சொல்வதோடு நிற்கவில்லை. இறுகச் சுருண்ட முடியைக் கணக்கிடும் முறை ஒன்றை ஏ.எம். டார்க் முதலியோருடன் சேர்ந்து உருவாக்கி, 2024 டிசம்பரில் டோக்கியோவில் நடந்த சிக்கிராஃப் ஆசியா மாநாட்டில் முன்வைத்தார். டார்க் ஆப்பிரிக்க முடியமைப்புகளுக்கென்றே எவரும் எடுத்தாளக்கூடிய ஒரு முப்பரிமாண நூலகத்தை அமைத்தவர். ஆட்டத்தில் எனக்கான முடி இல்லை என்று ஒருவர் சொல்லும்போது, அந்த இல்லாமைக்குப் பின்னால் எழுதப்படாமல் போன சமன்பாடுகள் இருக்கின்றன.

'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' 2004 நவம்பரில் தொடங்கியது. இலட்சக்கணக்கானோர் ஒரே உலகில் ஆடும் இவ்வாட்டத்தில், முதல் நாள் தேர்ந்த சிகையோடு கடைசிவரை வாழ வேண்டியிருந்தது. முடிதிருத்தகம் வந்தது 2008 அக்டோபரில். அப்போதும் முடியையும் தாடியையும் போன்றவற்றை மட்டுமே மாற்றலாம், முகத்தைத் தொட முடியாது. மனித இனத்தவருக்குக் கருந்தோல் தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஆனால் அந்தத் தோலுக்குக் கீழே இருந்தது அதே ஐரோப்பிய முகம். ஆப்பிரிக்க, ஆசியச் சாயல் கொண்ட முகங்களும் அவற்றுக்குரிய முடிகளும் 2020 அக்டோபரில்தான் வந்தன. பூதங்களுக்கும் எருமைத்தலை மனிதர்களுக்கும் முதல் நாளே இடம் கொடுத்த ஓர் உலகம், இவர்களுக்கு இடம் கொடுக்கப் பதினாறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

அதே 2004இல் தொடங்கிய 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' இதற்கு நேரெதிர். மீநாயகர்களின் நகரம். உடல், உடை, மேலங்கி, நிறம் என்று அள்ளிக் கொடுத்த தாராளத்தால், சண்டையைவிட உடை தைப்பதிலேயே பொழுதைக் கழித்தவர்கள் பலர். அந்தத் தாராளமே வழக்கில் கொண்டுபோய் நிறுத்தியது. ஆட்டக்காரர்கள் தங்கள் ஹல்க்கையும் வுல்வரினையும் போல உருவங்களைச் செய்துகொள்ள வழிவிடுகிறார்கள் என்று மார்வெல் நிறுவனம் 2004 நவம்பரில் வழக்குத் தொடுத்தது. மார்வெல் சான்றாகக் காட்டிய உருவங்களுள் சில, மார்வெல் தரப்பினரே ஆட்டத்துக்குள் புகுந்து செய்தவை என்று தெரியவந்து, நீதிபதி அவற்றை ஒதுக்கினார். 2005 டிசம்பரில் இரு தரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன. 2012 நவம்பர் 30 அன்று அந்த நகரமே மூடப்பட்டது. எட்டு ஆண்டுகளாகத் தைக்கப்பட்ட அத்தனை முகங்களும் உடைகளும் அன்றோடு போயின. ரசிகர்கள் நடத்திய மறுவடிவம் ஒன்றுக்கு 2024 ஜனவரியில் முறையான உரிமம் கிடைத்தது என்றாலும், பழைய பாத்திரங்களை மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது.

கதை தொடங்குமுன் முகத்தை முடிவு செய், பிறகு மாற்றாதே என்பது இவ்வகை ஆட்டங்களின் பழைய வழக்கம். எழுதுபவர் எவருக்கும் இது தலைகீழாகத் தெரியும். பாத்திரம் யாரென்று முன்னூறு பக்கம் எழுதிய பிறகுதானே அதன் முகம் நமக்கே புலப்படுகிறது! இங்கோ உலகம் எப்படிப்பட்டது, நாம் வீரனா வஞ்சகனா என்பதொன்றும் தெரியாத வாசலில் நின்று முகத்தைக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். இதை உணர்ந்து, முகம் மாற்றும் இடங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 'ஸ்கைரிம்' 2011இல் வந்தது. முகத்தைச் செதுக்கும் பெண்ணொருத்தி 2012இல் அதன் 'டான்கார்ட்' இணைப்போடு வந்தாள். 'சைபர்பங்க் 2077' 2020 டிசம்பரில் வந்தபோது நிலைமை வேடிக்கை. உடலையே மாற்றிக்கொள்ளும் எதிர்காலத்தைப் பற்றிய கதை அது, உலோகக் கையும் செயற்கைக் கண்ணும் தெருவோரத்தில் கிடைக்கும், முடிவெட்டிக்கொள்ள மட்டும் வழியில்லை. கண்ணாடி இருந்தது, பார்க்கலாம், அவ்வளவே. 2022 பிப்ரவரித் திருத்தத்தில்தான் அந்தக் கண்ணாடி வேலை செய்தது. பால்டர்ஸ் கேட் 3 முழுமையாக வெளியான 2023 ஆகஸ்டிலும் அத்தகைய கண்ணாடி இல்லை, செப்டம்பரில் சேர்த்தார்கள்.

ஆட்டக்காரர் இதற்காக ஏங்குகிறார் என்று தெரிந்ததும் அதற்கு விலை குறிப்பதும் தொடங்கியது. கேப்காம் நிறுவனத்தின் 'மான்ஸ்டர் ஹண்டர்: வேர்ல்ட்' 2018இல் முடியையும் ஒப்பனையையும் விருப்பப்படி மாற்ற விட்டது. முகத்தின் அமைப்பையே மாற்ற ஒரு சீட்டு வேண்டும்; முதல் சீட்டு இலவசம், அடுத்தடுத்தவை காசுக்கு. அதே நிறுவனத்தின் 'டிராகன்ஸ் டாக்மா 2' 2024 மார்ச் 22 அன்று வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்பே பாத்திர உருவாக்கப் பகுதியைத் தனியே இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். முகம் செய்யும் கருவிகளில் மிகச் சிறந்தது என்று பலரும் கொண்டாடினர், நாமும் அப்படியே எண்ணுகிறோம். ஆட்டம் வெளியான நாளில், முகத்தை மாற்றிக்கொள்ளும் நூல் ஒன்று 1.99 டாலருக்குக் கடையில் இருந்தது. ஆட்டத்துக்குள்ளேயே ஈட்டும் செல்வத்தைக் கொண்டும் அதை வாங்கலாம். ஆனால் இருப்பு இரண்டே இரண்டு. புதிதாக முதலிலிருந்து தொடங்கும் வழியும் பட்டியலில் இல்லை. முகம் பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று கொதித்தெழுந்தனர். ஒரு வாரத்துக்குள் புதிதாகத் தொடங்கும் வசதியும், அந்த நூலின் 99 படிகளும் வந்து சேர்ந்தன. இரண்டைத் தொண்ணூற்றொன்பது ஆக்குவதற்குத் தேவைப்பட்ட காலம் ஏழு நாள்கள்.

முகத்தைக் கெடுக்க விரும்பாமலே கெடுத்துவிடும் நிகழ்ச்சியும் நடந்தது. ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் நடத்தும் 'ஃபைனல் ஃபேன்டசி 14', 2013 ஆகஸ்டில் புத்துருவம் பெற்றுத் தொடங்கியதிலிருந்து ஒரே தோற்றத்தோடு வாழ்ந்து வருபவர்கள் பலர் அதில் உண்டு. 2024இல் 'டான்டிரெயில்' என்னும் புதிய பகுதியோடு வரைகலை முழுவதையும் புதுப்பிக்கப் போவதாக அறிவித்து, ஏப்ரலில் ஒரு மாதிரியை வெளியிட்டனர். தோல் நுணுக்கமாகியிருந்தது, முடி இழை இழையாகத் தெரிந்தது. எல்லாம் முன்னைவிட மேல். ஆட்டக்காரர்கள் தங்கள் பாத்திரத்தை ஏற்றிப் பார்த்தார்கள், அது தங்கள் பாத்திரமாக இல்லை. கண்ணில் இருந்த ஒளிப்புள்ளி போய்ப் பார்வை செத்திருந்தது. ஒளி விழும் முறை மாறி, முகத்தின் அமைப்பே வேறாகத் தோன்றியது. பழைய படமும் புதிய படமும் அருகருகே வைக்கப்பட்டு, புருவத்தின் சாய்வு வரை ஒப்பிட்டு எழுதப்பட்டன. பழைய முகம் துல்லியம் குறைந்தது என்பதும், இமைமயிர் அதில் வெறும் கறை என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்தக் கறைக்குள் தாங்கள் பதினோராண்டுகளாகக் கண்டிருந்த ஒருவரைத்தான் கேட்டார்கள்.

ஆட்டத்தின் தலைமைப் பொறுப்பாளர் நவோகி யோஷிதா அதைப் பொருட்படுத்தினார். குறைகளை ஏற்று விளக்கம் அளித்து, கண்ணையும் ஒளியமைப்பையும் திருத்திய இரண்டாவது மாதிரியை மே மாதத்தில் வெளியிட்டார்கள். புதிய பகுதி ஜூலையில் வந்தபோது, தோற்றத்தை மாற்றும் 'ஃபேன்டேசியா' என்னும் மருந்துக் குப்பி ஒன்றும் விலையின்றிக் கொடுக்கப்பட்டது. வழக்கமாக அது காசுக்கு விற்கப்படுவது. ஒருமுறை குடித்தபின் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம் என்று விதியையும் தளர்த்தினார்கள். பலர் அந்தக் குப்பியைப் புதிய முகத்துக்காகக் குடிக்கவில்லை. பழைய முகத்துக்கு ஆக நெருங்கிய ஒன்றைப் புதிய ஒளியில் தேடி, அதே ஐந்தாறு முகங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.